அளவறிந்த அறிஞர் ஸ்பியர்மன்

நெல்லை மரக்காலால் அளப்பர். பொன்னை நிறைகோலால் அளப்பர். நிலத்தைச் சங்கிலியால் அளப்பர். மரக்காலைக் கொண்டு பொன்னை அளக்கப் புகுவார் இலர்; நிறைகோலைக் கொண்டு நிலத்தை அளக்கப் புகுவாரும் இலர். அளக்கப்படும் பொருளின் இயல்பை நோக்கி, அதற்கேற்ற கருவியைத் தேர்ந்துகொள்ளுதலே அளவையின் முதற்படியாகும். ஆயின், கண்ணுக்குப் புலனாகாத மனித மனத்தின் ஆற்றலை எக்கருவி கொண்டு அளப்பது? ஒருவன் ஒரு தொழிலுக்கு ஏற்றவனா அல்லனா என்பதை எக்கணக்கினால் துணிவது? கணக்குத் தவறினால் தகுதியுடையான் வாயிலிலேயே விலக்கப்படுவான். தகுதியில்லான் உள்ளே புகுவான். ஒருவனது வாழ்வும் அவன் குடும்பத்தின் பிழைப்பும் அக்கணக்கினைச் சார்ந்து நிற்கும். இவ்வரிய வினாவுக்கு விடை காணத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சார்லஸ் எட்வர்ட் ஸ்பியர்மன் என்னும் ஆங்கில அறிஞர்.

இளமையும் படைப்பணியும்

ஸ்பியர்மன் 1863-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பின்னர், லெமிங்டன் என்னும் ஊரில் பள்ளிக் கல்வி பயின்றார். இளமையிலேயே மெய்ப்பொருளாராய்ச்சியில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. எனினும், அவர் கல்லூரி வாயிலை நாடவில்லை. 1883-இல் படையிற் சேர்ந்தார். பர்மாப் போரில் பங்கு கொண்டு பதக்கமும் பெற்றார்.

படைவாழ்வில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவர் நூல்களைப் பயின்றார். மனத்தைப் பற்றிய நூல்கள் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தன. மெய்ப்பொருளாராய்ச்சி உண்மையான முன்னேற்றம் காண வேண்டுமாயின், மனத்தின் இயல்பைச் சோதனை வாயிலாக அறிதல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. படையில் கழிந்த ஆண்டுகளைத் தம் வாழ்வின் பெரும் பிழையாகக் கருதி அவர் பிற்காலத்தில் வருந்தியதுண்டு. ஆயினும், அவ்வருத்தத்திலேயே அவர் ஆழ்ந்துவிடவில்லை. 1897-இல், தம் 34-ஆம் வயதில், படைப்பதவியைத் துறந்தார். ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகருக்குச் சென்றார். அங்கே வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேரறிஞர் 1879-இல் உளவியற் சோதனைக் கூடம் ஒன்றை நிறுவியிருந்தார். தம்மினும் பல ஆண்டு இளையவரோடு ஒருங்கு அமர்ந்து, அப்படை அலுவலர் மாணவராயினார்.

கல்வி தொடங்கிச் சில ஆண்டுகளே கழிந்தன. தென்னாப்பிரிக்காவில் போயர்ப் போர் மூண்டது. நாட்டின் அழைப்பை ஏற்று 1900-இல் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார். கெர்ன்சித் தீவில் அவர் பணியாற்றினார். அங்கேயே 1901-இல் அவருக்குத் திருமணமும் நிகழ்ந்தது. போர் முடிந்தபின் மீண்டும் லைப்சிக் சென்று கல்வியைத் தொடர்ந்தார். 1906-இல், நாற்பதாம் வயதைக் கடந்த பின்னரே, அவர் டாக்டர்ப் பட்டம் பெற்றார். கற்றற்கு வயது தடையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

சிற்றூர்ப் பள்ளியில் ஓர் ஆராய்ச்சி

பட்டம் பெறுதற்கு முன்னரே, படைப்பணிக்கும் கல்விக்கும் இடைப்பட்ட காலத்தில், அவர் உலகறிந்த ஆராய்ச்சி ஒன்றினைச் செய்து முடித்தார். சோதனைக் கூடமோ விலையுயர்ந்த கருவிகளோ அதற்கு வேண்டப்படவில்லை. தாம் வாழ்ந்த இடத்திற்கு அண்மையிலிருந்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றே அவருக்கு ஆய்வுக்களமாயிற்று. அப்பள்ளியின் மூத்த மாணவர் 24 பேரை அவர் தேர்ந்துகொண்டார். இரண்டு ஒலிகளுள் உயர்ந்தது எது, இரண்டு ஒளிகளுள் மிக்கது எது, இரண்டு எடைகளுள் கனத்தது எது என்று அவர்கள் பகுத்தறியும் திறத்தைச் சோதித்தார். பின்னர், படிப்பில் வல்லவர் யாவர் என்பதைக் குறித்து ஆசிரியரின் கருத்தை அறிந்தார். பள்ளிக்கு வெளியே உலகியலறிவிற் சிறந்தவர் யாவர் என்பதை மூத்த மாணவரிடமும், ஊர்ப் பாதிரியாரின் மனைவியாரிடமும் கேட்டறிந்தார்.

இவ்வாறு பலவகைச் செய்திகள் சேர்ந்தன. புலனுணர்விற் சிறந்தவரே படிப்பிலும் சிறந்தவரா? இரண்டிற்கும் தொடர்பு உண்டா? உண்டாயின், அத்தொடர்பு எத்துணை வலிமையுடையது? இவற்றை ஆராயத் தொடங்கியபோதுதான், எக்கணக்கு முறையைக் கைக்கொள்வது என்னும் வினா அவர் முன் எழுந்தது.

தரவரிசைக் கணக்கு

இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று இயைந்து ஏறுதலையும் இறங்குதலையும் புள்ளியியலார் ஒட்டுறவு என்பர். பிரான்சிஸ் கால்டன் என்பவர் இக்கருத்தை உருவாக்கினார். கார்ல் பியர்சன் என்பவர் 1896-இல் அதனைக் கணக்கிடும் முறையைச் செம்மையாக வகுத்தார். இரண்டு அளவுகளும் முற்றும் இயைந்து செல்லின், விடை 1 ஆகும். தொடர்பு சிறிதும் இல்லையாயின் 0 ஆகும். ஒன்று ஏற மற்றொன்று முற்றும் இறங்குமாயின், கழித்தற்குறியோடு கூடிய 1 ஆகும். உயரம், எடை முதலியவற்றிற்கு இம்முறை மிகவும் ஏற்றது.

ஆனால், ஸ்பியர்மன் கையிலிருந்த செய்திகளோ வேறு வகையின. ஒருவன் மற்றொருவனைவிட அறிவிற் சிறந்தவன் என்று ஆசிரியர் கூறக்கூடும். எத்தனை மடங்கு சிறந்தவன் என்று அவரால் கூற இயலாது. முதல்வன், இரண்டாமவன், மூன்றாமவன் என்னும் வரிசையையே அவர் தரக்கூடும். இல்லாத நுட்பத்தை உள்ளதுபோலக் கொண்டு கணக்கிடுதல் நேர்மையாகாது. ஆதலின், அவ்வரிசையையே அளவாகக் கொண்டு ஒட்டுறவு காணும் முறையை ஸ்பியர்மன் 1904-இல் எடுத்துரைத்தார். அதுவே இன்று அவர் பெயரால் வழங்கும் தரவரிசை ஒட்டுறவாகும்.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நூற்பாலையில் தொழிலாளர் ஐவர் உள்ளனர் என்று கொள்வோம். கைவிரைவுச் சோதனையில் அவர்கள் முறையே 1, 2, 3, 4, 5 என்னும் இடங்களைப் பெற்றனர். அவர்தம் வேலைத்திறனை நோக்கி மேற்பார்வையாளர் அவர்களுக்கு முறையே 2, 1, 3, 5, 4 என்னும் இடங்களை அளித்தார். ஒவ்வொருவருக்கும் இவ்விரண்டு இடங்களின் வேறுபாடு 1, 1, 0, 1, 1 ஆகும். இவ்வேறுபாடுகளைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் 4 வரும். அதனை ஆறால் பெருக்க 24 ஆகும். ஆட்களின் எண்ணிக்கையாகிய 5-ஐ, அதன் வர்க்கத்தினின்று ஒன்றைக் கழித்து வரும் 24-ஆல் பெருக்க 120 ஆகும். 24-ஐ 120-ஆல் வகுக்க 0.2 கிடைக்கும். அதனை ஒன்றினின்று கழித்தால் எஞ்சுவது 0.8. இதுவே அவ்விரு வரிசைகளுக்கும் உள்ள ஒட்டுறவு.

0.8 என்பது பெரிய அளவேயாம். ஆயினும், அதனைக் கண்டு உடனே சோதனையைப் புகழ்ந்துவிடலாகாது. ஐந்து பேரை 120 வகையாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் 8 வரிசைகள், 0.8 அல்லது அதனினும் மிக்க ஒட்டுறவைத் தருவனவாக உள்ளன. திருவுளச்சீட்டுப் போட்டு இடங்களை அளித்தாலும், 15 முறைக்கு ஒருமுறை இத்தகைய விடை வருமன்றோ? ஆதலின், ஐவரை மட்டும் நோக்கி ஆயிரவருக்குச் சட்டம் வகுத்தல் தகாது. சிலரை ஆராய்ந்து பலரைப் பற்றிப் பேசுவோர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

தரவரிசை முறைக்கு வேறொரு நன்மையும் உண்டு. பலருள் ஒருவரது அளவு மட்டும் மிகவும் பெரிதாகவோ சிறிதாகவோ அமைந்துவிடின், அஃது ஏனையோர் அனைவரின் கணக்கையும் தன்பால் இழுத்துவிடும். வரிசையைக் கொண்டால் அவ்வொருவர் முதலிடத்தையோ இறுதியிடத்தையோ மட்டுமே பெறுவர். இதற்கு எதிராக ஒரு குறையும் உண்டு. முதல்வனுக்கும் இரண்டாமவனுக்கும் உள்ள இடைவெளி மயிரிழையா மலையளவா என்பதை வரிசை காட்டாது. நெய்த துணியின் நீளம்போல மெய்யான அளவு கிடைக்குமிடத்துப் பியர்சன் முறையே பெரும்பாலும் நலம் பயக்கும். இரண்டனுள் எது சிறந்தது என்று பொதுவாக வினவுதல் பயனற்றது. எதற்கு எது ஏற்றது என்று வினவுதலே அறிவுடைமை.

பிழையை அளத்தல்

ஸ்பியர்மன் மற்றுமோர் உண்மையையும் கண்டார். மனத்தை அளப்பதில் பிழை நேராதிருத்தல் அரிது. ஒரே மாணவனை இன்று சோதித்தால் ஒரு விடையும், நாளை சோதித்தால் வேறு விடையும் வரும். ஒரே தொழிலாளியைப் பற்றி இரண்டு மேற்பார்வையாளர் இருவேறு கருத்துரைப்பர். அளவுகளில் இத்தகைய பிழைகள் கலந்திருப்பின், மெய்யாகவே உள்ள தொடர்பும் மங்கித் தோன்றும்.

நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி நடந்திருந்தது. அங்கே மாணவர்தம் புலனுணர்வும் விரைவும் பலவாறாகச் சோதிக்கப்பட்டன. கிளார்க் விஸ்லர் என்பவர் அச்செய்திகளைத் தொகுத்து 1901-இல் வெளியிட்டார். சோதனைகளுக்கும் கல்லூரித் தேர்ச்சிக்கும் ஏறக்குறைய எத்தொடர்பும் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. அதனைக் கண்டு, மனத்தை அளக்கும் முயற்சியே வீண் எனப் பலர் எண்ணலாயினர். ஆனால், அச்சோதனைகள் விரைந்து நடத்தப்பட்டவை. அவற்றின் நம்பகம் எத்துணையது என்று நோக்கப்படவில்லை. அன்றியும், அவை கல்லூரியிற் சேர்தற்கென முன்னரே தெரிந்தெடுக்கப்பட்ட மாணவரையே அளந்தன. ஏறத்தாழ ஒத்த திறனுடையவரை மட்டும் ஒப்பிட்டால் திறனின் தொடர்பு எவ்வாறு விளங்கும்? தொழிற்சாலையில் ஏற்கெனவே வேலைக்கு எடுக்கப்பட்டவரை மட்டும் ஆராய்வோரும் இவ்விடர்ப்பாட்டிற்கு உள்ளாதல் கூடும்.

பிழையால் மங்கிய தொடர்பைத் திருத்திக் காணும் வழி ஒன்றை ஸ்பியர்மன் வகுத்தார். ஓர் அளவையை இருமுறை எடுத்து, அவ்விரண்டும் தம்முள் எவ்வளவு ஒத்துள்ளன என்று காண்பதே அதன் நம்பகமாகும். சோதனையின் நம்பகம் 0.64 என்றும், மேற்பார்வையாளர் மதிப்பீட்டின் நம்பகம் 0.49 என்றும் கொள்வோம். அவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 0.56 வரும். கண்ணெதிரே தோன்றும் ஒட்டுறவு 0.42 ஆயின், அதனை 0.56-ஆல் வகுக்க 0.75 கிடைக்கும். பிழையே இல்லாதிருந்தால் தொடர்பு ஏறத்தாழ இவ்வளவு இருந்திருக்கும் என்பது கருத்து.

பின்னர் 1910-இல், சோதனையின் நீளத்தைப் பெருக்கினால் நம்பகம் எவ்வளவு உயரும் என்பதைக் கணக்கிடும் வாய்பாட்டை ஸ்பியர்மனும், வில்லியம் பிரௌன் என்பவரும் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். நம்பகம் 0.6 உடைய சோதனையொன்றை, அதனையொத்த வினாக்களால் இருமடங்காக்கினால் நம்பகம் 0.75 ஆகும் என்பதை அவ்வாய்பாடு காட்டும். ஒருவர் கருத்தை மட்டும் கேளாது இருவர் கருத்தைக் கேட்டல் நன்று என்னும் உலகியலறிவு இங்குக் கணக்காக உருப்பெற்றது.

பியர்சனுடன் வாதம்

இத்திருத்த முறையைக் கார்ல் பியர்சன் ஏற்கவில்லை. திருத்திய ஒட்டுறவு சிற்சில வேளைகளில் ஒன்றினும் மிகுந்துவிடுதலை அவர் எடுத்துக்காட்டிக் கடிந்தார். இருவரும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலேயே பணியாற்றினர்; எனினும் அவர்தம் கருத்து வேறுபாடு எளிதில் தணியவில்லை. பியர்சன் கண்டது சிறு குற்றமன்று. திருத்தம் என்பது மருந்து போன்றது; அளவறிந்து உண்டால் நோயைத் தீர்க்கும், அளவு கடந்தால் புதிய நோயை விளைவிக்கும். ஆராய்ச்சியாளர் திருத்திய அளவை மட்டும் காட்டாது, திருத்தாத அளவையும் உடன் காட்ட வேண்டும் என்பது இவ்வாதத்தினின்று நாம் பெறும் தெளிவாகும்.

பொது அறிவாற்றற் கொள்கை

ஒட்டுறவு முறையைக் கொண்டு ஸ்பியர்மன் 1904-இல் மற்றொரு கொள்கையையும் நிறுவினார். மொழியில் வல்லவர் பெரும்பாலும் கணிதத்திலும் வல்லவராயிருத்தலை அவர் கண்டார். பல்வேறு திறன்களும் தம்முள் இயைந்திருத்தலால், அவை அனைத்திற்கும் அடிப்படையாகப் பொதுவான அறிவாற்றல் ஒன்று உண்டு என்றும், அதனோடு ஒவ்வொரு திறனுக்கும் உரிய சிறப்பாற்றல் ஒன்றும் உண்டு என்றும் கூறினார். பல ஒட்டுறவுகளுக்கு அடியில் மறைந்து நிற்கும் காரணிகளைத் தேடும் காரணிப் பகுப்பாய்வு என்னும் துறை இதனின்றும் தோன்றியது.

1907-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்ற அவர், 1911-இல் அங்கேயே பேராசிரியரானார். 1924-இல் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மனிதனின் திறன்களைப் பற்றிய அவரது பெருநூல் 1927-இல் வெளிவந்தது. பல நாட்டு மாணவர் அவரை நாடி வந்தனர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியற்றுறையை வளர்த்த எம். வி. கோபாலசாமி அவரிடம் பயின்றவரேயாவார்.

தொழிற்களத்திற் பெற்ற பயன்

முதல் உலகப் போருக்குப் பின்னர், தொழிலாளரின் மனநிலையையும் திறனையும் ஆராயும் முயற்சி இங்கிலாந்தில் வலுப்பெற்றது. சார்லஸ் மையர்ஸ் என்னும் அறிஞர் 1921-இல் இலண்டனில் தேசியத் தொழில் உளவியல் நிறுவனத்தை அமைத்தார். யாரை எவ்வேலைக்குத் தேர்வது என்பது அத்துறையின் தலையாய வினாக்களுள் ஒன்று. சோதனையில் முதலிடம் பெற்றவர் வேலையிலும் முதலிடம் பெறுவரா என்பதை மெய்ப்பித்தாலன்றி அச்சோதனைக்கு மதிப்பில்லை. சோதனை வரிசையையும் வேலைத்திறன் வரிசையையும் ஒப்பிடவும், மேற்பார்வையாளர் மதிப்பீட்டின் நம்பகத்தை அளக்கவும் ஸ்பியர்மன் வகுத்த முறைகள் கருவிகளாயின. இன்றும் தொழில் உளவியல் ஆய்வாளர் அவற்றைக் கையாள்கின்றனர்.

பெருமையும் குறையும்

பெரியோர் வாழ்வில் குறையும் உண்டு. அதனை மறைத்தல் வரலாறாகாது. புலனுணர்வின் கூர்மையும் பொது அறிவாற்றலும் ஏறத்தாழ முற்றும் ஒன்றே என்று ஸ்பியர்மன் 1904-இல் துணிந்தார். அஃது உண்மையன்று எனப் பின்னர் விளங்கிற்று. 1985-இல் அவருடைய பழைய கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தபோது அவற்றிற் பிழைகள் இருத்தல் வெளியாயிற்று. காட்பிரே தாம்சன் என்னும் அறிஞர், பொது ஆற்றல் ஒன்று இல்லாமலே அத்தகைய ஒட்டுறவுகள் தோன்றக்கூடும் என்பதை 1916-இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்க அறிஞர் தர்ஸ்டன் 1930-களில், ஒன்றன்று, பல முதன்மை ஆற்றல்கள் உண்டு என்றார். எண்கள் ஒன்றே, அவற்றிற்குரிய விளக்கங்களோ பல.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அக்காலத்தார் சிலரைப் போலவே ஸ்பியர்மனும், அறிவாற்றலின் அளவைக் கொண்டு மக்களின் வாக்குரிமையையும் மகப்பேற்று உரிமையையும் வரையறுக்கலாம் என்னும் கருத்திற்கு இடங்கொடுத்தார். பிழையை அளக்கக் கற்பித்தவரே, தம் அளவைக்கு அதன் வலிமைக்கு மேற்பட்ட அதிகாரத்தை அளிக்க முற்பட்டது வருந்தத்தக்கதேயாம். ஓர் எண் ஒருவனது திறனின் ஒரு கூறினைக் காட்டலாம். அவனது மனிதத் தகுதியை அஃது ஒருபோதும் காட்டாது.

இறுதிக் காலம்

1931-இல் ஸ்பியர்மன் பேராசிரியப் பதவியினின்று ஓய்வு பெற்றார். ஓய்வு அவரது உழைப்பை நிறுத்தவில்லை. 1937-இல் உளவியலின் நெடுவரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில், 1941-இல், தம் ஒரே மகனைப் பறிகொடுத்தார். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், தம் 82-ஆம் வயதில் இலண்டனில் உயிர் நீத்தார்.

ஸ்பியர்மன் கொண்ட முடிவுகளுள் சில வீழ்ந்தன. சில இன்றும் வாதத்திற்குரியனவாக நிற்கின்றன. ஆயின், அவர் காட்டிய வழி நிலைபெற்றுவிட்டது. கையிலுள்ள செய்தி எத்தகையது, அதிற் கலந்துள்ள பிழை எவ்வளவு, ஆராயப்பட்டவர் எத்தனை பேர், அவர் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவர் என்பவற்றையெல்லாம் நோக்கிய பின்னரே கணக்கு முறையைத் தேர்தல் வேண்டும். தாம் விரும்பும் விடையைத் தரும் முறையைத் தேடுதல் ஆராய்ச்சியாகாது. பொருளுக்குப் பொருந்தும் முறையைத் தேர்ந்து, அது தரும் விடையை விருப்பு வெறுப்பின்றி ஏற்றலே ஆராய்ச்சியாகும். பிறர் வாழ்வை அளக்கப் புகுவோர், முதலில் தம் அளவுகோலை அளந்தறிதல் வேண்டும் என்பதே ஸ்பியர்மனின் பெருமையும் குறையும் ஒருங்கே நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.